முழங்கால் வரை

இல்ஃபோர்ட் வீட்டுக்குள் நுழைந்து சப்பாத்தைக் கழற்றும்போதே யாக்கோப்புக்கு ரோல்ஸ் பொரித்த வாசம் வருகிறது. வீடோ மூச்சுக் காட்டாமல் இருக்கிறது. குசினி வாசலில், மகள் பிறேமினி போன கிழமை மாட்டிய நோரன் தொங்குகிறது. யப்பான்காரர் வாசல்களில் தொங்கவிடும் துணி அது. கருநீலம், நடுவில் பிளவு, முழங்காலோடு நின்றுவிடும். அதன் கீழே, மாலை வெயில் விழுந்த தரையில், வரிசையாகக் கால்கள். மகளின் பூனைப்படக் காலுறை, மருமகன் றூபனின் பெருவிரல் ஓட்டை, பேத்தியின் துள்ளும் பாதங்கள். இன்று அவருக்கு அறுபது வயது. ஒளிந்து நிற்பவர்களுக்குத் தங்கள் கால்கள் தெரிவது தெரியவில்லை. சிரிப்பை அடக்கும்போதுதான் ஓரத்தில் இன்னொரு சோடி கண்ணில் படுகிறது. காலுறை இல்லாத வெறுங்கால்கள். சின்ன விரல்கள் இரண்டும், அவருடையவை போலவே, பக்கத்து விரலில் ஏறிக் கிடக்கின்றன. மன்னாரில் இருக்கும் றோஸ்மலர் அக்கா. விசா இன்னும் கிடைக்கவில்லை என்று ஞாயிற்றுக்கிழமைகூடப் போனில் அழுதவர். பதினாறு வருடமாகக் காணாத அக்கா. துணியை விலக்க நீண்ட கையை யாக்கோப்பு பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார்.

“ஒருத்தரையும் காணேல்லை,” என்கிறார் பலத்த குரலில். “அப்ப நான் கடைக்குப் போட்டு வாறன்.”

துணிக்குப் பின்னால் சலசலப்பு. “பொறுங்கோ மாமி, பொறுங்கோ,” என்று றூபன் கிசுகிசுக்கிறான். வெறுங்கால்கள் பொறுக்கவில்லை. நோரன் இரண்டாகப் பிரிகிறது.

“டேய், நில்லடா. நீ கடைக்குப் போறதைப் பாக்கவோ நான் இவ்வளவு தூரம் வந்தனான்?”