வாசல்நிலையில் ஓர் ஓலைச் சிலுவை

ரீத்தம்மாள் வீட்டு வாசல்நிலையில் ஒரு வருஷமாகச் செருகியிருந்தது, போன குருத்தோலை ஞாயிறு பவனியில் அவள் ஏந்திவந்த குருத்தோலைச் சிலுவை. சாம்பல் புதனன்று நெற்றியில் பூசச் சாம்பல் வேண்டுமென்று, வீடுவீடாகப் பழைய ஓலைகளை வாங்கிக்கொண்டு, மாதாகோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை தெருவுக்குள் வந்துவிட்டார்.

“எரிக்கத்தான் கொண்டுபோறாங்க. பேசாம என் பொந்துக்குள்ள விழுந்துடு,” என்றது சுவர்ப் பல்லி.

ஓலை சொன்னது: “பயமாத்தான் இருக்கு. மரத்துலேர்ந்து வெட்டினப்பவும் செத்தேன்னுதான் நெனச்சேன். ஆண்டவர் என்னைத் தன் பவனியில கொண்டுபோய்ச் சேர்த்தார். இப்பவும் அவர் கையில விட்டுட்டேன்.”

கோயில்பிள்ளை அதை உருவிக்கொண்டு போனார். தீ சுட்டபோது, “ஆண்டவரே” என்று கத்தத்தான் செய்தது ஓலை.

புதன்கிழமை பூசை முடிந்து ரீத்தம்மாள் வீடு திரும்பினாள். அவள் நெற்றியில் சாம்பலால் ஒரு சிலுவை.

பல்லி எட்டிப் பார்த்தது. “தப்பிச்சு வந்துட்டியா?”

“இல்ல,” என்றது நெற்றியிலிருந்த சிலுவை. “எரிஞ்சுதான் வந்திருக்கேன்.”