ராஜகிரி ஏறின கால்

பாதி மலையில் அனு உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறாள்.

"காலு வலிக்குதும்மா. தூக்கிக்கோ."

மோனிகாவுக்குச் சுருக்கென்றது. இதற்காகவா லீவு போட்டுவிட்டுச் சென்னையிலிருந்து செஞ்சிக்கு வந்தது?

யு.கே.ஜி. சேர்ந்து நாலு மாதம், தினமும் பள்ளிக்கூட வாசலில் ஒப்பாரி. நாய் என்றால் பயம், லிஃப்ட் என்றால் பயம், டீச்சர் என்றால் பயம். இந்தப் பிள்ளை நாளைக்கு எப்படிப் பிழைக்கும்? ஒரே ஒரு மலையைச் சொந்தக் காலில் ஏறிவிட்டால் போதும், மற்றதை அந்த மலை பார்த்துக்கொள்ளும். மோனிகாவுக்கு அப்படித்தான் நடந்தது.

நாலு வயதில் இந்த ராஜகிரியை நடந்தே ஏறியவள் அவள். ஓர் இடத்தில்கூட அழவில்லை. அவள் நைனா ராஜாராம் அதைச் சொல்லாத கல்யாண வீடு கிடையாது, சாவு வீடும் கிடையாது. வருஷத்துக்கு வருஷம் படிகள் வேறு கூடிக்கொண்டே போகும்.

பத்தாவதில் கணக்கில் பெயிலானபோதும், தெருவிலேயே முதல் பெண்ணாக நர்ஸிங் படிக்க பஸ் ஏறியபோதும், பிரசவ வலியிலும், "ராஜகிரி ஏறின காலு, இது இன்னா பெரிய மேடு?" என்பார். அவளும் ஏறிவிடுவாள்.

அந்த நாள் அவளுக்கே நன்றாக ஞாபகம் இருக்கிறது. படிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிப் போகும். அடிவாரத்துக் கோட்டையின் கல்யாண மகால் சின்னதாகிச் சின்னதாகித் தீப்பெட்டி அளவுக்கு வந்துவிடும். ஹாஸ்டலில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள்.

வேறு வழியில்லாமல் அனுவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். நல்ல கனம். திட்டிக்கொண்டே ஏறினாள்.

பள்ளத்தின் மேல் போட்டிருக்கும் பாலத்தைத் தாண்டியதும் தோளில் சிணுங்கல் நின்றது. தூங்கிவிட்டாளா என்று திரும்பினாள். கண் பாதி மூடியிருந்தது. அது பார்த்துக்கொண்டிருந்த பக்கமே மோனிகாவும் பார்த்தாள்.

படிகள் கீழே இறங்கிப் போயின. கல்யாண மகால் தீப்பெட்டி அளவுக்கு இருந்தது.

ஏறுகிறவள் கண்ணுக்கு முன்னால் இருக்கிற படிதான் தெரியும். விட்டுவந்த படியைப் பார்த்துக்கொண்டு போவது தோளில் கிடக்கிற பிள்ளை.

அடப்பாவி நைனா.

கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அழுகைதான் வந்தது. துடைத்துக்கொண்டு ஏறினாள்.

கடைசிப் படிக்கு முந்தின படியில் பிள்ளையை இறக்கி நிறுத்திக் கன்னத்தைத் தட்டினாள். தூக்கக் கலக்கத்தோடு அனு ஒரு படி ஏறி, உச்சியில் நின்று, காற்றைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

இறங்கி வந்தபோது, முட்டிவலியால் அடிவாரத்து மரத்தடியிலேயே தங்கிவிட்ட ராஜாராம் மோர் வாங்கி வைத்திருந்தார். பாப்பா நடந்தே ஏறினாளா என்று கேட்டார்.

"ஓரெடத்துல கூட அழுவுல நைனா," என்றாள் மோனிகா.

அவள் துப்பட்டாவில், தோள் பக்கம், எச்சில் காய்ந்த கறை இருந்தது. ராஜாராம் அதைப் பார்த்தார். பிறகு அனுவின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பிடித்துவிட ஆரம்பித்தார்.