மீதிப் பாதிப் பேர்

“கையெழுத்துப் போட மாட்டேன்னா போட மாட்டேன். இருக்கப் போறது ஒரு வருஷம். அதுக்கு மண்டையை வேற உடைக்கணுமா?”

தையல்காரர் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவே திரும்பிப் பார்த்தது. சம்மதப் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் மனைவி மூக்கை உறிஞ்சினாள்.

“நீங்க இல்லாம நான் என்ன செய்வேன்னு யோசிச்சீங்களா?”

“அதான் ஒரு வருஷம் இருக்கே, நீயே நிதானமா யோசி.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு முகம் கழுவப் போய்விட்டாள். எதிர் பெஞ்சில் தலையில் பச்சைத் துணி கட்டி உட்கார்ந்திருந்த பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துணிக்கடியில் ஒரு முடிகூட இல்லை.

“என்னம்மா சிரிக்கிறீங்க? அவங்கவங்க கஷ்டம் அவங்கவங்களுக்கு.”

“எனக்கும் அதே கஷ்டம்தான் அண்ணே. மார்புல ஆரம்பிச்சது மூளைக்கு ஏறிடுச்சு. உங்களுக்கு?”

அவர் குரல் இறங்கியது. “நுரையீரல். அது அடங்கிடுச்சுன்னாங்க. போன மாசம் துணி வெட்டும்போது கத்தரிக்கோல் நழுவி விழுந்துச்சு. எடுத்தேன், மறுபடியும் விழுந்துச்சு. படம் எடுத்துப் பார்த்தா மூளையில கட்டி.” வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். “எடுத்துட்டா கை சரியாகலாம்ங்கிறாங்க. ஆயுசு? வயசு என்ன, கட்டி எத்தனை, நடமாட்டம் எப்படின்னு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல தட்டினாரு டாக்டர். உங்களை மாதிரி ஆளுங்கள்ல பாதிப் பேரு ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு வருஷத்தைத் தாண்டுறதில்லைன்னுட்டாரு.”

“எனக்கும் அதே கம்ப்யூட்டர்தான். அதே ஒரு வருஷம்தான்.”

அவர் நிமிர்ந்தார். “அப்புறம்?”

“அப்புறம் என்ன? உங்க முன்னாடி குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்ல? பாதிப் பேரு தாண்டலைன்னாரே, மீதிப் பாதிப் பேரு எங்க போனாங்கன்னு கேட்டீங்களா?”

தையல்காரர் விழித்தார். “கேக்கலையே.”

“நான் கேட்டேன். அவங்க பாட்டுக்குத் தாண்டிப் போயிட்டே இருக்காங்க. அந்தப் பாதியில எனக்கு இடமில்லைன்னு யாராவது எழுதி வெச்சிருக்காங்களா என்ன?”

“அப்போ டாக்டர் பொய்யா சொல்றாரு?”

“பொய் இல்லண்ணே. ரயில்வே ஸ்டேஷன் மைக்குல ‘வண்டி இன்னும் பத்து நிமிஷத்தில் வந்து சேரும்’னு சொல்றது நான்தான். வந்த தகவலைத்தான் சொல்றேன், பொய் சொல்றதில்ல. ஆனா இதுவரைக்கும் ஒரு வண்டியாவது என் பேச்சைக் கேட்டிருக்கும்ங்கிறீங்களா?”

தன்னை மறந்து சிரித்துவிட்டார் தையல்காரர். முகம் கழுவித் திரும்பிய மனைவி, அந்தச் சிரிப்பைக் கேட்டுத் தூணருகிலேயே நின்றுவிட்டாள்.

“ஆபரேஷன் பண்ணா பேச்சு குழறிடும்ங்கிறாங்களேம்மா?”

“என் பேச்சு குழறுதா?”

“வாயா அது! ரேடியோ மாதிரில்ல இருக்கு.”

“அப்புறம் என்ன? வயசைத் தட்டினாரு, கட்டியைத் தட்டினாரு, சரி. உங்க பிடிவாதத்தைத் தட்டினாரா? அதுக்கு அந்தக் கம்ப்யூட்டர்ல கட்டமே கிடையாது. இவ்வளவு நேரமா பொண்டாட்டிகிட்ட காட்டின வீம்பைக் கொண்டுபோய் அந்தக் கட்டிகிட்ட காட்டுங்க.”

தையல்காரர் சட்டென்று மனைவியை நோக்கித் திரும்பினார்.

“என்ன மரம் மாதிரி நிக்கிறே? கொண்டா அதை. சொன்ன கெடுவுக்கு மேல ஒரு நாளாவது இருந்து, அந்தக் கம்ப்யூட்டர் முகத்துல கரியைப் பூசுறேனா இல்லையா பாரு!”

பேனா கையில் நிற்கவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கோணல்மாணலாக, ஆனால் பெயரை முழுசாகவே எழுதினார். மனைவி அந்தப் பெண்ணின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு, கணவரோடு டாக்டர் அறைக்குள் போனாள்.

கதவு மூடியதும் நர்ஸ் இன்னொரு சம்மதப் படிவத்தோடு வந்து பச்சைத் துணிப் பெண்ணின் அருகில் உட்கார்ந்தாள்.

“அக்கா, அவர் சம்மதிச்சுட்டார்னா நாளைக்கு ரெண்டாவது ஆபரேஷன் அவருக்குத்தான். முதல் ஆபரேஷன் உங்களுக்கு. பயமா இருக்கு, மாட்டவே மாட்டேன்னு காலையிலகூட அழுதீங்களே, என்ன முடிவு பண்ணீங்க?”

“இனிமே முடிவு பண்ண என்ன இருக்கு?” படிவத்தை வெடுக்கென்று வாங்கிக் கையெழுத்துப் போட்டாள் அவள். “நான் எழுந்து வந்து நிக்கலைன்னா, அந்த மனுஷன் என்னைப் பொய்க்காரின்னுல்ல சொல்லுவாரு!”