ஒரே ஆள், ஒரே ரத்தம்

சூலூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இருக்கிற லேபில், கணக்கு டீச்சர் சுகந்தாமணி இரண்டு ரிப்போர்ட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெயிலில் பிடித்துப் பார்க்கிறார். ஒன்று போன மாதத்தது; மற்றது, ஒரு மாதம் தைராய்டு மாத்திரை தின்ற பிறகு வந்தது. இரண்டிலும் தைராய்டு அளவுகள் மூன்றும், புள்ளிக்குப் பின்னால் இருப்பது உட்பட, அச்சு அசலாக ஒன்றே. காப்பியடித்த விடைத்தாள்களை இருபது வருடமாகப் பிடித்த கண் அது. "ஏனுங்க, மாத்திரையைக் கூட்டறதா கொறைக்கறதான்னு டாக்டர் இதை வச்சுத்தானுங்க முடிவு பண்ணுவாரு. டெஸ்ட் பண்ணுனீங்களா?" லேப்காரர் நரசிம்மலு எழுந்து நின்று, மேசை விசிறியை டீச்சர் பக்கம் திருப்பிவிடுகிறார். பணிவில் ஒரு குறையும் இல்லை. "ரத்தத்துல கலந்து டெஸ்ட் பண்ற மருந்து வரலீங்க டீச்சர். உங்களைக் காக்க வெக்கக் கூடாதுன்னு பழசையே எழுதிப்போட்டனுங்க. ஒரே ஆளு ரத்தந்தானுங்களே." விசிறிக் காற்றில் இரண்டு தாள்களும் படபடக்கின்றன. டீச்சர் கையை மேசைமேல் நீட்டுகிறார். ஊசி குத்திய இடம் நீலமாகக் கன்றியிருக்கிறது. "அப்ப முந்தாநேத்து எடுத்த ரத்தத்தைத் திருப்பிக் குடுங்க." நரசிம்மலு ஃபிரிட்ஜைப் பார்க்கிறார், பிறகு கை கழுவும் தொட்டியைப் பார்க்கிறார். "அன்னைக்கே கொட்டிப்போட்டனுங்களே," என்கிறார், இன்னும் கொஞ்சம் குனிந்து.