தறி ஆதாயம்

“தெருமுனையில வரும்போதே தறிச் சத்தம் கேக்குது. நீங்க இன்னாடான்னா வருமானமே இல்லைன்றீங்களே அக்கா?”

ஆந்திர அரசின் வார்டு அலுவலகமான சச்சிவாலயத்திலிருந்து மாற்றுத்திறனாளி பென்ஷன் விசாரணைக்கு வந்த ரேகா, செல்போனில் எதையோ தட்டிக்கொண்டே கேட்டாள். திருப்பதி பஸ்ஸில் நகரிக்கு வந்து இறங்கி, தோள் பையைக்கூட அகிலா இன்னும் கீழே வைக்கவில்லை. அதற்குள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள் ரேகா.

“இல்லாததை இல்லைன்னுதானே சொல்ல முடியும் மேடம்? நான் திருப்பதியில லேடீஸ் ஹாஸ்டல்ல சமையல் வேலை செஞ்சிக்கினு அங்கயே தங்கிக்கிறேன். பொங்கலுக்கு அப்புறம் இன்னிக்குத்தான் லீவு குடுத்தாங்க. என் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாப் போவுது.”

“உங்களுக்கு ஆதாயம் ஜாஸ்தின்னு கம்ப்ளெயின்ட் வந்திருக்குதே. ராத்திரி பகல்னு பாக்காம தறி ஓடுதாம். கரண்டு பில்லும் ஏறியிருக்குது.”

சச்சிவாலயத்துத் தெலுங்கில் ஆதாயம் என்றால் வருமானம். அகிலாவின் காதில் லாபம் என்றுதான் விழுந்தது. லாபமாம் லாபம்! புகார் கொடுத்தது யார் என்று அவள் கேட்கவே இல்லை. எதிர்வீட்டு கிருஷ்ணப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து, இந்தப் பக்கம் பார்க்காதவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடம், என் பொண்ணு ரேஷ்மாவுக்கு ஆட்டிசம். பதினோரு வயசாவுது, இன்னும் பேச்சு வரல. அவ பென்ஷன் துட்டுலதான் அவ நைனா புத்தூருக்குப் பேச்சுப் பயிற்சிக்கு இட்டுக்கினு போறாரு. நிறுத்திட்டீங்கன்னா அதோட போச்சு.”

“எனக்கு மட்டும் நிறுத்தணும்னு ஆசையா அக்கா? தறி எவ்ளோ ஓடுது, மாசம் எத்தனை சேலை நெய்யுறீங்கன்னு பாத்து எழுதணும். உங்க வீட்டுக்காரர் எங்க?”

“பின்னால, தறிக் கொட்டாய்ல.”

சொல்லும்போதே அவள் நெஞ்சுக்குள் இன்னொரு பயம் தலைதூக்கியது. போனில் கேட்டபோதெல்லாம் கணவன் கோவர்த்தனன் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தான். ‘சேலைக்கு மேஸ்திரி இன்னும் கூலி குடுக்கல அகிலா.’ இப்படி ஓடுகிற தறிக்குக் கூலி வராமல் எங்கே போகும்? குடிக்கிறானா? சீட்டாட்டமா? அதற்கு மேல் நினைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வீட்டோடு இருக்க வேண்டும், வீட்டில் தறி இருப்பதால் அது அவன்தான் என்று இருவரும் சேர்ந்துதான் முடிவெடுத்தார்கள். பெற்ற பெண்ணை விட்டுவிட்டு அவள் ஊரார் பிள்ளைகளுக்குச் சோறு பொங்கிக்கொண்டிருக்கிறாள். அந்த வயிற்றெரிச்சல் எல்லாம் இப்போது மொத்தமாகக் கிளம்பியது.

“வாங்க மேடம், நேராவே கேட்டுடலாம். துட்டெல்லாம் எங்க போவுதுன்னு எனக்கும்தான் தெரியணும்!”

பென்ஷன் வேண்டும் என்கிறாளா வேண்டாம் என்கிறாளா என்று புரியாமல் ரேகா பின்னால் நடந்தாள்.

கொட்டகைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. அகிலா தட்டிய தட்டில் கோவர்த்தனன் பாதிக் கதவைத் திறந்தான். மனைவியையும் சச்சிவாலயத்து ஆளையும் ஒன்றாகப் பார்த்ததும் மறுபடி சாத்தப் பார்த்தான்.

“உள்ள வேணாம். பாப்பா தூங்கறா,” என்று இரைச்சலுக்கு மேல் குரல் கொடுத்தான்.

“இந்தச் சத்தத்துல தூங்கறாளா? யாருக்குக் காது குத்தறே? நவுருய்யா!”

அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். முதலில் மூக்கைத்தான் தீட்டினாள். குடித்த வாடை எதுவும் இல்லை. பிறகுதான் தறியைப் பார்த்தாள்.

தறியில் பாவு இல்லை. பேருக்குக்கூட ஒரு இழை நூல் இல்லை. நெய்த துணியைச் சுற்றுகிற உருளை மொட்டையாகக் கிடந்தது. வெறும் தறி கடகடவென்று தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

“மேஸ்திரி நூல் குடுக்கறதை நிறுத்தி ரொம்ப நாளாவுது,” கோவர்த்தனன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். “சொன்னா நீ அங்க சரியா சோறு துன்ன மாட்டேன்னு சொல்லல.”

“அதுக்குன்னு வெறும் தறிய ஓட்டுவியா? உனக்கு இன்னா பைத்தியமா புடிச்சிருக்குது? இந்தச் சத்தத்தாலதான்யா புள்ள பென்ஷனே போவப்போவுது!”

ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை வந்தது. “வேணாம் அகிலா, தொடாத!” என்று அவன் ஓடி வருவதற்குள் சுவிட்சை அணைத்துவிட்டாள்.

தறி நின்றது.

அடுத்த நொடியே தறிக்குப் பின்னாலிருந்து ஒரு அலறல் கிளம்பியது. தூக்கத்திலிருந்து துள்ளி எழுந்த ரேஷ்மா, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரில் மடேர் மடேரென்று தலையை மோத ஆரம்பித்தாள்.

“சத்தம் நின்னா அவளால தாங்க முடியல அகிலா!” கோவர்த்தனன் ஓடிப்போய் மகளின் தலைக்கும் சுவருக்கும் நடுவில் தன் கையைக் கொடுத்தான். அகிலா தோள் பையைப் போட்டுவிட்டு மகளிடம் ஓடினாள்.

பாய்ந்து போய் சுவிட்சைப் போட்டுத் தறியை மறுபடி ஓடவிட்டது, அது ஏன் ஓடுகிறது என்று விசாரிக்க வந்த ரேகாதான்.