கேட்டுக்கு இந்தப் பக்கம்

வெல்டருக்குத் தோள்பட்டை இரண்டும் கழன்று கையோடு வந்துவிடும்போல வலித்தது. காலையிலிருந்து இரும்பு தூக்கிய வலி அடியில் கிடக்க, அதன்மேல் இந்த வலி. ஆனாலும் பிடியை விடவில்லை. அவன் கைகள் தங்கை புருஷனின் இடுப்பைக் கட்டியிருந்தன.

மாப்பிள்ளையின் தலையும் தோளும் கேட்டுக்கு வெளியே. இடுப்பும் காலும் உள்ளே. அந்தப் பக்கம் அக்குளில் கைவிட்டு இழுத்துக்கொண்டிருந்தான் காவலாளி மீசை.

சற்று முன்னால்தான் கிரேன் சங்கிலி அறுந்தது. தொங்கிக்கொண்டிருந்த உத்திரம் மாப்பிள்ளையின் தொடையைக் கிழித்துக்கொண்டு தரையில் விழுந்தது. பட்டறையே ஓடிவந்து, துண்டை முறுக்கித் தொடையில் கட்டி, ரத்தத்தை ஒருவழியாக நிறுத்தியிருந்தது.

அப்போது மாடி ஜன்னலிலிருந்து மேனேஜர் கத்தினான். "அவனை முதல்ல கேட்டுக்கு வெளியே கொண்டு போங்கடா!"

மீசை போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே ஓடிவந்தான். ஆளை அள்ளி இழுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனான். லோடு லாரி ஒன்று குறுக்கே நின்று பெரிய கேட்டை அடைத்திருந்தது. ஆள் நுழையும் சின்னக் கதவுதான் வழி.

'வெளியே' என்றால் என்னவென்று பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். போன வருஷம் லோடு தூக்கும் கிழவன் மேல் பாரம் சரிந்தபோது, இதே மேனேஜர் ரோட்டோரம் போடச் சொன்னான். ஏதோ வண்டி அடித்துவிட்டதாக எழுதிவிட்டார்கள். கிழவன் பெண்டாட்டிக்குச் சல்லிக்காசு வரவில்லை. அன்றிலிருந்து பட்டறைக்கு ஒரே சட்டம்தான். கேட்டுக்குள் செத்தால் கம்பெனி தரவேண்டும்; வெளியே செத்தால் கையை விரித்துவிடும்.

"விடாதே வெல்டரு! வெளிய போயிட்டா உன் தங்கச்சி நடுத்தெருவுலதான்!" பின்னால் நின்று கத்தினான் லேத்துக்காரன்.

"வாயாலயே இழுக்காதடா. வந்து பிடி!"

ஐந்தாறு பேர் வெல்டரைப் பிடித்து இழுத்தார்கள். மாப்பிள்ளை அலறினான். வெல்டரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுக்கப் பார்த்தான்.

"மச்சான்... வலிக்குது மச்சான்... விட்ருடா..."

"பொறுத்துக்க மாப்ளே. உன் பொண்டாட்டி புள்ளைக்காகத்தான்."

லாரிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளை வண்டியின் கூரை மட்டும் தெரிந்தது. ரப்பர் கையுறை மாட்டிய ஒருவன் லாரியைச் சுற்றி ஓடிவந்து மீசையோடு சேர்ந்து இழுத்தான்.

"உறை மாட்டிக்கிட்டு வந்திருக்காரு பாரு! கையில கறை ஒட்டக்கூடாதாம் துரைக்கு!" என்றான் லேத்துக்காரன். "ரோட்டுல கொண்டுபோய்ப் போட ஆளு புடிச்சிட்டான் மேனேஜரு!"

"மீசை, கையை எடு," என்றான் வெல்டர். "மேனேஜரு போடுற எலும்புக்கு இவ்வளவு வாலாட்டாதே!"

"புரியாமப் பேசாதய்யா! விடு!" மீசை பல்லைக் கடித்தான். மேற்கொண்டு அவன் சொன்னது பட்டறையின் கூச்சலில் அமுங்கிப்போனது.

வெல்டர் ஒரு கையை எடுத்தான். இடுப்பில் செருகியிருந்த சுத்தியலை உருவி, மீசையின் மணிக்கட்டில் ஓங்கிப் போட்டான். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. மீசை மாடுபோலக் கத்தினானே தவிர, மறு கையின் பிடியை விடவில்லை. இரண்டாவது அடி தாடையில் விழுந்தது. பல் தெறித்தது. லேத்துக்காரன் வீசிய ஸ்பானர் கையுறைக்காரனின் நெற்றியைப் பிளந்தது.

பின்னால் நின்றவர்கள் ஒரே மூச்சாக இழுத்தார்கள். மாப்பிள்ளையின் முதுகு இரும்புப் படியில் உரசிக்கொண்டு உள்ளே வந்தது. அந்த இழுப்பில் தொடைக்கட்டு அவிழ்ந்தது. ரத்தம் பீறிட்டு வெல்டரின் முகத்தில் அடித்தது. அவன் புறங்கையால் துடைத்துக்கொண்டு, கதவைச் சாத்தித் தாழ் போட்டான்.

"ஜெயிச்சிட்டோம்டா!" என்றான் லேத்துக்காரன்.

கதவு தடதடவென்று இடிபட்டது. யாரும் திறக்கவில்லை. ஆளாளுக்குத் தொடையை அமுக்கிப் பார்த்தார்கள். விரலிடுக்கில் வழிந்துகொண்டே இருந்தது. வெல்டரின் சட்டையைப் பிடித்திருந்த மாப்பிள்ளையின் கை மெல்ல நழுவியது.

"அண்ணே! கதவைத் தொறண்ணே!" வெளியே தங்கையின் குரல். சேதி கேட்டுப் பின்தெரு வீட்டிலிருந்து ஓடிவந்திருந்தாள்.

வெல்டர் தாழை எடுத்தான். முதலில் பாய்ந்து வந்தவன் கையுறைக்காரன்தான். நெற்றி ரத்தத்தைக்கூடத் துடைக்காமல் மண்டியிட்டு, மாப்பிள்ளையின் கழுத்தில் விரலை வைத்தான். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தான்.

"போயிட்டாரு. கட்டு நல்லாத்தானய்யா போட்டிருந்தீங்க. அப்படியே வண்டியில ஏத்தியிருந்தா பொழச்சிருப்பாரு."

"என்ன வண்டி?"

"ஆஸ்பத்திரி வண்டி. உங்க காவலாளிதான் போன் போட்டுக் கூப்பிட்டாரு."

மீசை சுவரில் சாய்ந்து, உடைந்த கையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தான். வாய் நிறைய ரத்தம். பேச வரவில்லை.

வெல்டர் கையுறைக்காரனின் தோளைப் பிடித்தான். "உள்ள செத்தாத்தானே... நஷ்ட ஈடு..."

"எவன்யா சொன்னது? வேலை பார்க்கும்போது அடிபட்டிருக்காரு. இத்தனை பேர் கண்ணால பார்த்திருக்கீங்க. ஆஸ்பத்திரியில செத்தாலும் குடுக்கணும். பொழச்சு, காலு போயிருந்தாலும் குடுக்கணும்."

மாடியில் ஜன்னல் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

தங்கை அழவில்லை. புருஷனின் தலையை மடியில் எடுத்து வைத்து, முகத்தில் ஒட்டியிருந்த இரும்புத்தூளை முந்தானையால் துடைத்தாள். பிறகு அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள்.

"கம்பெனி தரவேண்டியதை நான் வாங்கிக்கிறேன். நீ எனக்கு ஒரு உசுரு பாக்கிண்ணே."