பழைய வண்டியே லாபம்

பந்தல்குடி டீக்கடை முன்னால் இரண்டு கார்கள் நிற்கின்றன. ஒன்று என் கொழுந்தன் காளீஸ்வரன் புதிதாக வாங்கிய, பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட். மற்றது இறந்துபோன என் கணவரின் டீசல் வண்டி. இப்போது நான் ஓட்டுகிறேன். லாரிகள் கிளப்பும் செம்புழுதி என் வண்டியில் மட்டும் படிவதுபோல் தெரிகிறது. "அண்ணன் வண்டின்னு இன்னும் எத்தனை நாளைக்கு மதினி? வித்துப்புட்டு இதுமாதிரி எடுங்க. எண்ணெய்ச் செலவு பாதிதான்," என்கிறார் கொழுந்தன். "உங்க வண்டி நாலுவழிச் சாலையில பாரமில்லாமப் போகுது. எங்க வண்டி பருத்திப் பொதியோட பரளச்சி மண்ரோட்டுல போகுது. ரெண்டும் ஒண்ணா தம்பி? கூடக் குடுக்குற விலை எப்பத் திரும்பும்?" அவர் செல்போனில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். "உங்க ஓட்டத்துக்குப் பத்து வருசமாகும். பழசே லாபம்." புது வண்டிக்குள் இருக்கும் அவர் மனைவி முருகலட்சுமி, "அக்காகிட்டத் தோத்துட்டீகளா?" என்று கேலி செய்கிறாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. அவர் ஏறி உட்கார்கிறார். வண்டி சத்தமே இல்லாமல் விழித்துக்கொள்கிறது. அவர் அவள் பக்கம் சாய்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டிவிடுகிறார். அவள் வளையல் கைகளைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறாள். அவளுக்குப் பெல்ட் மாட்டத் தெரியும். போன வாரம் என் வண்டியில் ஏறியபோது அவளேதான் மாட்டிக்கொண்டாள்.